தொழுவும் பொட்டலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டு நிறைவு விழாக்களில் கவிதையைப் பற்றிப் பேசுவது மரபு. இவ்வுரை அம்மரபினின்று சற்று விலகி, கவிதைக்குப் பொருளாக நின்ற ஓர் இடத்தைப் பற்றிப் பேச விழைகிறது. ஆடுவோரை இலக்கியம் மிகுதியாகப் பாடியிருக்கிறது. ஆடிய தரையைப் பற்றி அது சொன்னது குறைவு. சிலப்பதிகாரம் இதற்கு விலக்கு. அரங்கேற்று காதையில் மாதவி மேடையேறுவதற்கு முன்பே மேடையின் அளவைச் சொல்லி முடித்துவிடுகிறார் இளங்கோவடிகள். மலையில் வளர்ந்த மூங்கில், கணுவுக்குக் கணு ஒரு சாண், இருபத்துநான்கு விரல் கொண்ட கோல், அக்கோலால் ஏழு அகலம், எட்டு நீளம், ஒன்று உயரம். கைத்திறன் உள்ள தச்சர் ஒருவர் அந்தப் பகுதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஓர் அரங்கு அமைத்துவிடலாம். காண்போர் கண்ணில் தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரை அங்கே குறிப்பு உண்டு.

ஏறு தழுவும் களத்துக்கு இப்படிப்பட்ட அளவு எதுவும் தமிழில் இல்லை. ஆடலரங்கை விரல்கணக்கில் அளந்த மொழி, காளையின் களத்தை அளக்காமலே விட்டுவிட்டது. அளக்காமல் விட்ட அந்த இடத்தைச் சுற்றித்தான் இப்போது கற்காரையும் சட்டமும் வந்து நிற்கின்றன. ஆகவே அதனைப் பற்றிப் பேசுவது காலத்துக்கு ஒவ்வாத பேச்சன்று.

கலித்தொகையின் முல்லைக்கலி பதினேழு பாடல்களைக் கொண்டது. சோழன் நல்லுருத்திரன் பாடியது. 101 முதல் 107 வரை உள்ள ஏழு பாடல்கள் ஏறு தழுவலைப் பாடுகின்றன. காளைகளின் நிறம் ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது. நிறத்துக்கு ஏற்பத் தெய்வங்கள் உவமையாகின்றன. கொம்பு உண்டு, குருதி உண்டு, துகள் உண்டு, ஆயமகளின் நெஞ்சத் துடிப்பும் உண்டு. களத்தைப் பற்றி மட்டும் சிக்கனம். காளைகளை ஒருங்கே புகுத்தி அடைத்த இடம் தொழு. பாட்டில் அது அளபெடுத்துத் தொழூஉ என நிற்கும். மகளிர் அணியாக நின்று காண்கின்றனர். அவர்கள் நின்ற இடத்தைப் பரண் என்று கொள்வர் உரைகாரர். தொழுவும் பரணும், ஆக இரண்டு சொற்களே. அவற்றைக் கொண்டுதான் அந்தக் களத்தை மனத்துக்குள் கட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றை நுணுகிக் காணவேண்டும். முல்லைக்கலியின் ஆயர், நீர்த்துறையிலும் ஆலமரத்திலும் மராமரத்திலும் உறையும் தெய்வங்களை முறைப்படி வணங்கிவிட்டுத் தொழுவுக்குள்ளே பாய்கின்றனர். காளைகள் உள்ளே நிற்கின்றன. மனிதர் வெளியிலிருந்து உள்ளே புகுகின்றனர். அடைப்புக்குள் ஆட்டம், அடைப்புக்கு வெளியே காட்சி. காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே, பிள்ளையார்பட்டிக்கு அண்மையில் உள்ள சிராவயலில், தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு நடக்கிறது. அங்கேயும் மாடுகளை அடைக்கும் இடத்துக்குத் தொழு என்றுதான் பெயர். ஈராயிரம் ஆண்டுப் பழமை உடைய சொல்லை ஊரார் எந்த ஆராய்ச்சியும் இன்றி நாள்தோறும் வழங்கிவருகின்றனர். ஆனால் அந்தத் தொழுவிலிருந்து மாடு வெளியே பாய்கிறது! மனிதர் உள்ளே புகுவதில்லை. சொல் அப்படியே இருக்க, திசை தலைகீழாக மாறியிருக்கிறது. சொல்லாராய்ச்சி செய்வோர் சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்து, அது வழங்கும் திசையைப் பாராமல் விட்டுவிடுவதுண்டு.

திசை மாறியதால் களமும் மாறிவிட்டது. மதுரைப் பக்கத்துச் சல்லிக்கட்டில் மாடு வாடிவாசல் என்னும் குறுகிய வழியாக வெளிப்படுகிறது; இருபுறமும் தடுப்பு; வாயிலை ஒட்டிய சில அடி நிலத்துக்குள்ளேயே வெற்றியும் தோல்வியும் முடிந்துபோகின்றன. சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவல் அந்தச் சில அடி நிலத்துக்குள் ஒரு முழு உலகத்தை அடக்கிக் காட்டியது. சிவகங்கைச் சீமையில் பெரிதும் போற்றப்படுவதோ வெளிவிரட்டு. தொழுவிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு பொட்டலில் தன் விருப்பம்போல் ஓடும். எந்தத் திசையிலும் திரும்பும். தொழு திறப்பதற்கு முன்பே கண்மாய்ப் பொட்டலிலும் வயல்வெளியிலும் கட்டுமாடுகளாக அவிழ்த்துவிடப்படுபவை பல. மூன்றாவதாக வடமஞ்சுவிரட்டு, நீண்ட வடத்தில் காளையைப் பிணைத்து, வடத்தின் நீளமே களத்தின் எல்லையாக வட்டமிட்டு, ஓர் அணியினர் குறித்த நேரத்துக்குள் அதனை அடக்க முயல்வது. இம்மூன்றும் ஒரே விளையாட்டின் மூன்று வகைகள் என்று சொல்வது வழக்கம். களத்தை வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வேறு விளையாட்டுகள்.

சிராவயல் பொட்டலை ஆண்டு முழுவதும் பார்த்தால் அதில் காண்பதற்கு ஒன்றுமில்லை. செம்மண்ணும் சரளையும் முட்செடியும் கொண்ட வெறும் நிலம். இவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. இளைஞராய் இருந்த ஜீவானந்தம் ஆசிரமம் நடத்திய ஊர் இது. 1927-இல் செட்டிநாட்டுப் பயணத்தின்போது காந்தியடிகள் இங்கு வந்து அவரைச் சந்தித்தார். அதே 1927-இல்தான் அண்மையிலுள்ள சிறுகூடற்பட்டியில் கண்ணதாசன் பிறந்தார். அதே ஆண்டில் உலகின் மறுகோடியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆன் ஆர்பர் என்னும் ஊரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மாணவர் அணிக்கென்று ஒரு பேரரங்கு திறக்கப்பட்டது. இம்மூன்றுக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த அரங்கு நல்லதோர் உரைகல்.

அமெரிக்கக் கால்பந்து என்பது இங்கே ஆடப்படும் கால்பந்தன்று. உரித்த தேங்காய் போன்ற இருபுறமும் கூரிய பந்தைப் பெரும்பாலும் கையிலேந்தி, எதிரணியின் உடல்களை மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. அதனைத் தொழிலாகக் கொண்ட அணிகளும் உண்டு. வியப்பு என்னவென்றால், தொழில்முறை அணிகளின் அரங்குகளைக் காட்டிலும் கல்லூரி மாணவர் அணிகளின் அரங்குகளே பெரியவை. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரும் கல்லூரி அரங்குகள் அந்நாட்டில் ஏழெட்டு இருக்கின்றன. மிச்சிகன் அரங்கின் இருக்கைகள் 107,601. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அன்றைய காரைக்குடி நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் ஒரு இலட்சத்து ஆறாயிரத்துச் சொச்சம். கைக்குழந்தை முதல் முதியோர் வரை ஊர் முழுவதையும் பூட்டிவிட்டுப் போய் அங்கே அமர்ந்தாலும் சில நூறு இருக்கைகள் காலியாக இருக்கும். அந்த அரங்குக்கு அமெரிக்கர் வைத்த செல்லப்பெயரைத் தமிழில் சொன்னால் ‘பெரிய வீடு’ என்று வரும். ஆயிரம் சன்னல் வீட்டைக் கண்டு வளர்ந்த ஊராருக்கு இப்பெயர் புதிதன்று.

அந்தப் பெரிய வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் அத்தனை பெரிதாகத் தெரியாது என்பர். காரணம், அதன் பெரும்பகுதி நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1914-இல் யேல் பல்கலைக்கழகம் இதற்கு வழிகாட்டியது. நடுவில் மண்ணைத் தோண்டி, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் குவித்து, அந்தக் கரையின் உட்சரிவில் இருக்கைகளை அமைத்தனர். கிண்ணம் போன்ற வடிவம் கிடைத்தது. கண்மாய் வெட்டத் தெரிந்த சீமைக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றுமில்லை. அவர்கள் நீருக்குப் பதிலாக மனிதரைத் தேக்கினார்கள், அவ்வளவே.

இவ்வரங்குகளின் உள்வாழ்க்கை செட்டிநாட்டாருக்கு எளிதில் விளங்கக்கூடியது. நகரத்தார் கோயில்களில் புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. மணமான ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளி. புள்ளியால் உரிமையும் கடமையும் வரும். எந்தக் கடல் கடந்து போனாலும் புள்ளி ஊரில் இருக்கும். அமெரிக்கக் கல்லூரி அரங்குகளிலும் பருவ முழுமைக்கும் எடுக்கும் இருக்கைச் சீட்டுகள் பல குடும்பங்களில் பாட்டனிடமிருந்து பேரனுக்கு வழிவழியாக வருகின்றன. நெப்ராஸ்காப் பல்கலைக்கழக அரங்கில் 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சீட்டுகள் முழுமையாக விற்றுத் தீர்ந்துவருவதாகக் கணக்கு வைத்துப் பெருமை கொள்கின்றனர். ஆட்ட நாளில் அந்த அரங்கே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் ஆகிவிடுகிறது. தென் கரோலினாவில் கிளெம்சன் அணியினர் களமிறங்கும் முன் மேட்டின் மேல் வைக்கப்பட்ட ஒரு கல்லைத் தொட்டுவிட்டுச் சரிவில் ஓடிவருகின்றனர். 1960-களில் அங்கு வந்து சேர்ந்த கல் அது. அறுபது ஆண்டுக்குள் கிட்டத்தட்டத் தெய்வமாகிவிட்டது. ஆலமரத்தையும் மராமரத்தையும் வணங்கித் தொழுவில் பாய்ந்த ஆயரை நினையாமல் இருக்க முடியவில்லை. உயிரைப் பணயம் வைக்கும் ஆட்டம் எங்கே நடந்தாலும், களத்துக்குள் கால் வைக்கும் முன் கை எதையாவது தொட விரும்புகிறது.

இவையெல்லாம் சுவையான ஒற்றுமைகள். இவற்றோடு நிறுத்திக்கொண்டால் இது ஒப்பிலக்கியக் கட்டுரைகளில் வழக்கமாக நிகழும் விபத்தாக முடியும். அங்கும் உண்டு, இங்கும் உண்டு என்று பட்டியலிட்டுவிட்டுக் கலைந்துபோவது. அமெரிக்க அரங்குகளின் வரலாற்றில் கவனிக்கவேண்டிய செய்தி வேறொன்று. அது ஹார்வர்டில் நடந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1903-இல் இரும்பும் கற்காரையும் கொண்டு குதிரை இலாட வடிவில் ஓர் அரங்கு எழுப்பியது. கற்காரையால் அமைந்த முதல் பேரரங்குகளுள் அது ஒன்று. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்த விளையாட்டின் உயிருக்கே இடர் வந்தது. 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் நாடெங்கும் களத்தில் மாணவர் பலர் உயிரிழந்தனர். விளையாட்டை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் வலுத்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். உடல்கள் ஒரே குவியலாக மோதி நசுங்குவதைத் தவிர்க்க ஒரு வழி சொல்லப்பட்டது: களத்தை அகலமாக்குங்கள், ஆடுவோர் பரந்து ஓடட்டும். நல்ல வழிதான். ஆனால் ஹார்வர்டின் அரங்கு கற்காரை. அதனை அகலமாக்க முடியாது. இடித்துக் கட்டவும் மனமில்லை. எனவே களத்தை விட்டுவிட்டு விதியை மாற்றினார்கள். பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906-இல் இசைவு வந்தது. இன்று உலகம் காணும் அமெரிக்கக் கால்பந்தின் அழகு முழுவதும், பந்து வானில் வளைந்து போய் ஓடுபவன் கையில் விழும் அந்தக் காட்சி முழுவதும், அந்த விதியில் பிறந்தது.

ஆட்டத்துக்காக அரங்கு கட்டப்படுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கின்றனர். கட்டி முடித்த பிறகு அரங்குக்கு ஏற்ப ஆட்டம் வளைகிறது. அங்கே அது நன்மையாக முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடியும் என்பதற்கு உறுதி இல்லை.

இனித் தமிழகத்துக்கு வரலாம். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையிலும் மாநிலமெங்கும் மாணவர் திரண்டதும், அம்மாதம் 21-ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்ததும், 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு தமிழகத்தின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்ததும் அனைவரும் அறிந்தவை, விரித்துரைக்க வேண்டியதில்லை. போராட்டக் களத்தில் இருந்தோர் பெரும்பாலும் கல்லூரி மாணவர் என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்ளலாம். தடை நீங்கியபோது விளையாட்டு பழைய வடிவில் திரும்பி வரவில்லை. விதிகளோடு வந்தது. திமிலை மட்டுமே தழுவ வேண்டும், குறித்த தொலைவு அல்லது குறித்த நேரம் அல்லது மூன்று துள்ளல் வரை; வாலையோ கொம்பையோ பற்றக்கூடாது; பார்வையாளருக்கும் களத்துக்கும் நடுவே இரட்டைத் தடுப்பு வேண்டும்; மருத்துவர் வேண்டும்; கால்நடை மருத்துவர் வேண்டும். எழுதாக் கிளவியாய் இருந்த விளையாட்டு தன் அளவுகளைப் பெற்றது. மாதவியின் அரங்குக்கு இளங்கோ செய்ததை இதற்கு அரசிதழ் செய்தது என்று கவிஞர்கள் வேடிக்கையாகக் கொள்ளலாம்.

அதன் அடுத்த படிதான் அரங்கு. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில், ஏறத்தாழ 66 ஏக்கர் பரப்பில், 44 கோடி ரூபாய்ச் செலவில், ஐயாயிரம் பேர் அமர்ந்து காணும் வகையில் எழுந்த அரங்கு 2024 சனவரி 24-இல் திறக்கப்பட்டது. ‘கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம்’ என்பது அதன் பெயர். சல்லிக்கட்டு என்று வைக்காமல் ஏறுதழுவுதல் என்று வைத்ததில் முல்லைக்கலியின் மணம் இருக்கிறது. தமிழாசிரியர்கள் மகிழ வேண்டிய பெயர். ஆயினும் அவ்வாண்டுப் பொங்கலுக்கு அலங்காநல்லூர் ஆட்டம் வழக்கமான வாடிவாசலில்தான் நடந்தது. புதிய அரங்கில் நடந்தது வேறோர் ஆட்டம், வேறொரு நாளில். ஊரின் ஆட்டம் ஊரைவிட்டு வரவில்லை.

இதனைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் இதே சோதனையை வேறு வழியில் செய்து பார்த்தது. 1924 முதல் வளாகத்துக்குள்ளேயே இருந்த பழைய அரங்கை 1981-ஆம் ஆண்டோடு விட்டுவிட்டு, நகரின் நடுவே கூரை வேய்ந்த புதிய பொது அரங்குக்கு அதன் அணி குடிபெயர்ந்தது. பனிக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டாத, எல்லா வசதியும் உள்ள இடம் அது. கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே ஆடினார்கள். பிறகு 2009-இல் வளாகத்துக்குள் திறந்த வானத்தின் கீழே ஒரு புதிய அரங்கைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். அந்தத் திரும்புதலுக்குப் பொருளாதாரக் காரணங்களும் இருந்திருக்கும். இருந்தாலும் பனிகொட்டும் ஊரில் கூரையை விட்டுத் திறந்தவெளிக்கு வந்தவர்களைப் பார்த்த பிறகு, அலங்காநல்லூராரை மட்டும் பிடிவாதக்காரர் என்று சொல்ல நா எழவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பொட்டலுக்குச் சார்பான வழக்கு. எதிர் வழக்கையும் சொல்லாவிட்டால் இப்பேச்சு நேர்மையற்றதாகும். 2024 சனவரியில், கீழக்கரை அரங்கு திறப்பதற்குச் சில நாள் முன்பு, சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி இருவர் உயிரிழந்தனர். இருவரும் பார்வையாளர், ஒருவன் சிறுவன். மாட்டைப் பிடிக்க இறங்கியவர்கள் அல்லர்; பார்க்க வந்தவர்கள். வெளிவிரட்டின் பெருமை என்று எதனைச் சொல்கிறோமோ அதுவே அவர்களைக் கொன்றது. எல்லையில்லாத களத்தில் எல்லோரும் களத்துக்குள்தான் நிற்கின்றனர். காண்போர், ஆடுவோர் என்ற வேறுபாட்டை மாடு அறியாது. ஓர் ஊரின் வீரத்தைப் பாடவந்த கவிஞர் அந்தச் சிறுவனின் வீட்டு வாசலில் நின்று அதே கவிதையைப் படிக்க முடியுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் உள்ளது. கருவந்துறை என்னும் ஊரில் எருதோடு ஆடி இறந்த சங்கன் என்பவனுக்கு அவன் மகன் எடுத்த கல். அதில் காளையும் உண்டு, அதனை எதிர்கொள்ளும் மனிதனும் உண்டு. ஆடி இறந்தவனுக்குக் கல் நட்டு எழுத்தும் பொறிக்கத் தெரிந்த மரபு இது. பார்க்க வந்து இறந்தவனுக்கு இம்மரபில் கல்லும் இல்லை, பாட்டும் இல்லை. முல்லைக்கலியின் ஏழு பாடல்களிலும் குருதி சொட்டுகிறது, குடல் சரிகிறது, ஆனால் அத்தனையும் தொழுவுக்குள் பாய்ந்தவர்களுடையது. அணியாக நின்று காணும் மகளிர்க்குத் தீங்கு நேர்ந்ததாக அங்கே இல்லை. அவர்களுக்குப் பரண் இருந்தது.

ஆகவே, கற்காரை அரங்கு தமிழ் மரபுக்கு அயலானது என்று முழங்குவோரும், அரங்கு கட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்போரும் முல்லைக்கலியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அடைப்புக்குள் ஆட்டம், உயரத்தில் காட்சி என்பதே அந்தப் பழைய அமைப்பு. அந்த வகையில் கீழக்கரை அரங்கு வாடிவாசலைவிடவும் வெளிவிரட்டைவிடவும் கலித்தொகைக்கு நெருக்கமானது என்று வாதிடக்கூட இடமுண்டு. பழமைவாதிகளுக்கு இது கசக்கும். மறுபுறம், சிராவயலிலும் அப்படியொரு வட்டத்தைக் கட்டி மாடுகளை அதற்குள் விட்டால், ஹார்வர்டில் நடந்ததுதான் நடக்கும். ஆட்டம் சுவருக்கு ஏற்ப வளையும். வெளியில் ஓடும் மாட்டைத் துரத்திச் சென்று மடக்குவது வேறு திறம், வாயிலில் நின்று பாய்ந்து தழுவுவது வேறு திறம். முன்னது அழிந்து பின்னது மட்டும் எஞ்சும். ஹார்வர்டுக்குக் கிடைத்ததுபோல் அழகான புதிய விதி ஒன்று இங்கேயும் பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். விரட்டுதல் இல்லாமல் போன பின்னும் அதனை மஞ்சுவிரட்டு என்று அழைத்துக்கொண்டிருப்பது மட்டும் நிச்சயம்.

இந்தச் சிக்கலுக்கு விடையின் ஒரு பகுதி இம்மாவட்டத்திலேயே கிடக்கிறது. சிங்கம்புணரிக்கு அருகே அரளிப்பாறை. ஐந்துநிலை நாட்டார் மாசிமகத்தன்று மஞ்சுவிரட்டு நடத்தும் இடம். குன்றின் மேல் முருகன் கோயில். குன்றின் பாறைச் சரிவு முழுவதும் அன்றைக்கு மனிதத் தலைகள். ஆயிரக்கணக்கானோர் பாறையில் அமர்ந்து கீழே பொட்டலில் ஓடும் மாடுகளைக் காண்கின்றனர். யேல் பல்கலைக்கழகத்தார் மண்ணைத் தோண்டிக் கரை குவித்துப் பெற்ற சரிவை இங்கே மலை தானாகவே தந்திருக்கிறது. ஒரு செங்கல் இல்லை. இருக்கை எண் இல்லை. மாடு ஓடும் வெளிக்கு அடைப்பு இல்லை. களம் களமாகவே இருக்கிறது. காண்போர்க்கு மட்டும் உயரம் கிடைத்திருக்கிறது. கீழே இறங்கி நிற்கும் பார்வையாளர் அங்கும் உண்டு. அவர்களுக்குக் காயம் படுவதும் உண்டு. இறங்கியவர் அறிந்தே இறங்கியவர் என்பதே வேறுபாடு. ஏறி அமர ஓர் இடம் இருக்கும்போதுதான் இறங்குவது ஒருவரின் தேர்வு ஆகிறது. ஏற இடமே இல்லாத பொட்டலில் நிற்கும் சிறுவன் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை.

எனவே பொட்டலுக்கு வேண்டியது அரங்கன்று, பரண். மண்ணால் ஒரு கரை. கண்மாய்க் கரைபோல நீண்டு உயர்ந்து, மாடு ஏற முடியாத செங்குத்துடன், சிறுவரும் பெண்டிரும் முதியோரும் ஏறி அமரத் தக்கதாய். அதனைக் கட்டும் வேலை எந்தக் கட்டடக் கலைஞரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. கண்மாய் தூர்வாரும்போது எடுக்கும் மண்ணைக் கொட்ட இடம் தேடுவது இந்த ஊர்களின் வழக்கமான தொல்லை. இப்படி ஒரு யோசனையைப் பொறியாளர் மறுக்கலாம்; நிலம் யாருடையது என்ற கேள்வியும் எழலாம். இலக்கியக் கூட்டத்தில் இதைச் சொல்லக் காரணம், யோசனை இலக்கியத்திலிருந்து கிடைத்தது என்பதே.

பொட்டல் யாருடையது என்ற கேள்வியை இப்படிப் போகிறபோக்கில் விட்டுவிடவும் முடியாது. தொழுவிலிருந்து முதலில் வெளிவருவது கோயில் மாடு. அதனை எவரும் தொடுவதில்லை. ஊரார் ஜவுளி எடுத்து வந்து மாடுகளுக்கு வேட்டி துண்டு கட்டி மரியாதை செய்த பிறகே அவிழ்ப்பு. இந்த வரிசையில் அழகு இருக்கிறது. யார் முதல், யார் அடுத்து, யார் வரிசையிலேயே இல்லை என்ற கணக்கும் இருக்கிறது. முதல் மரியாதை என்ற இரண்டு சொற்களால் இச்சீமையில் நேர்ந்த பகைகளை இங்கே எண்ணிக்காட்ட வேண்டியதில்லை. அவையில் உள்ளோர் அறிவர். அமெரிக்கப் பேரரங்குகளிலும் இந்தக் கறை உண்டு. தென்மாநிலங்களின் பெரும் பல்கலைக்கழக அணிகள் 1960-களின் பிற்பகுதி வரை கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1967-இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் நேட் நார்த்திங்டன் களமிறங்கியபோதுதான் தென்கிழக்குக் கூட்டணியில் அந்தக் கதவு முதலில் திறந்தது. அதுவரை பெருந்திரளானோர் ஒருமித்து ஆர்ப்பரித்த அரங்குகளில் அவர்கள் ‘நம் அணி’ என்றபோது அந்த ‘நம்’ எவ்வளவு சிறியதாய் இருந்தது! கிண்ணம்போல் கட்டினாலும் பொட்டலாய் விட்டாலும், உள்ளே வர இயலாதவர் யார் என்பதைச் சுவர் தீர்மானிப்பதில்லை.

மாதவியின் அரங்கை அளந்த இளங்கோ, ஆய்ச்சியர் குரவையில் ஏறு வளர்த்த மகளிரை ஆடவிட்டபோது அளவுகோலை எடுக்கவில்லை. அவர்கள் ஆடியது ஆயர்பாடியின் மன்றத்தில். அரங்கு ஒருத்திக்கு, மன்றம் எல்லோருக்கும். ‘கவியரங்கம்’ என்று சொல்லிப் பழகிவிட்ட கவிஞர்கள் இவ்வேறுபாட்டை ஓய்வாக எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் பெரிய வீட்டில் ஆண்டுக்கு ஏழெட்டுச் சனிக்கிழமைகளில் கால்பந்து ஆட்டம். ஏனைய நாள்களில் பெரும்பாலும் ஒரு இலட்சத்து ஏழாயிரத்து அறுநூற்றொரு காலி இருக்கைகள். லூசியானாவில் 1930-களில், இருக்கை அடுக்குகளுக்குக் கீழே வீணாய்க் கிடந்த இடத்தில் மாணவர் விடுதி கட்டினார்கள். தலைக்கு மேலே பேரரங்கு, கீழே கட்டிலும் புத்தகமும். சிராவயல் பொட்டலுக்கு ஆண்டுக்கு ஒரே நாள். தை நான்காம் நாள் காலையில் மிதிபட்ட மண்ணில் கிழிந்த துண்டுகளும் அறுந்த செருப்புகளும் கிடக்கும். வெயில் ஏறும்போது ஆடுகள் வந்துவிடும்.